அத்தை ரிவர்ஸ் கியரில் அசனத்துக்கு வந்தது

எங்கள் பெரியப்பாவின் மாமியார் நாகர்கோவிலில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். செய்தி பாளையங்கோட்டைக்கு வந்த அன்றே, அத்தை எப்போது பெட்டி கட்டப் போகிறாள் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். விழுந்தது பெரியப்பாவின் மாமியார். பெட்டி கட்ட வேண்டியது எங்கள் அத்தை. இது என்ன கூத்து என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே! மூச்.

அத்தை பெரியப்பாவுக்குத் தங்கை, அப்பாவுக்கு அக்காள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து, அந்த வருஷம்தான் ஓய்வு பெற்று எங்கள் வீட்டோடு இருந்தாள். ஒரு குடும்பத்தில் கல்யாணமாகாத நர்ஸ் ஒருத்தி இருந்துவிட்டால் போதும், சொந்தக்காரர்களுக்கு எங்கிருந்துதான் வியாதி வருமோ! பேறுகாலமா, கூப்பிடு அவளை. பித்தப்பையில் கல்லா, கூப்பிடு அவளை. பெரியம்மாவுக்கு லேசாகத் தலை சுற்றினால்கூட நாகர்கோவிலிலிருந்து ஃபோன் வந்துவிடும். அத்தைக்கு ஆஸ்பத்திரியில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும், இனி இவள் முழு நேரமும் நமக்குத்தான் என்று எல்லோரும் நிம்மதியாகிவிட்டார்கள்.

அவளிடம் சொத்து என்று இருந்தது ஒரு வேன். அந்த ஆஸ்பத்திரியில் வெகுகாலம் இருந்த ஜெர்மன் டாக்டரம்மா ஒருவர் அந்தக் காலத்திலேயே கப்பலில் கொண்டுவந்த வேன் அது. சாதாரண வேன் இல்லை. உள்ளே கட்டில் உண்டு, சின்ன அடுப்பு உண்டு, குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் தொட்டி உண்டு, ஜன்னலுக்கெல்லாம் பூப்போட்ட திரை உண்டு. மலையடிவாரத்துக் கிராமங்களுக்கு மருத்துவ முகாம் போனால் டாக்டரம்மாவும் அத்தையும் அதிலேயே சமைத்து, அதிலேயே தூங்கி வருவார்களாம். அத்தைக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அந்த அம்மாதான். ஊருக்குத் திரும்பியபோது வண்டியை அத்தை பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் எஞ்சின் செத்துப்போனது. அதற்கு நம் பக்கத்தில் எங்கே சாமான் கிடைக்கும்? வண்டி எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்றது. அம்மா அதன் கூரையில் மிளகாய் வற்றல் காயப்போட்டாள். கோழிகள் கட்டிலில் முட்டை இட்டன.

மாமியார் விழுந்த மறுவாரம் அத்தை கோழிகளை விரட்டிவிட்டு வண்டியைக் கயிறு கட்டி இழுக்க வைத்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிந்துபூந்துறையில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் அண்ணாச்சியிடம் கொண்டுபோய் விட்டாள். பின்பக்கம் லாரி மோதி நசுங்கிப்போன ஒரு புதுக் கார் அவர் ஷெட்டில் கிடந்தது. அதன் எஞ்சின் முன்னால் இருந்ததால் தப்பித்துவிட்டது. அதைக் கழற்றி இதில் வைக்க வேண்டும் என்பது அத்தையின் திட்டம். வேனுக்கோ எஞ்சின் பின்னால், கட்டிலுக்கு அடியில். பழைய எஞ்சின் காற்றிலேயே ஆறிக்கொள்ளும். புதியதற்குத் தண்ணீர் வேண்டும், வண்டியின் மூக்கில் ரேடியேட்டர் வைக்க வேண்டும். மெக்கானிக் அண்ணாச்சி தாடையைச் சொறிந்துகொண்டு, "பாத்துக்கிடலாம் சிஸ்டர், நான் டிராக்டருக்கே லாரி எஞ்சின் வச்சவன்" என்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வண்டி ஓடினால் கடலுக்குக் கூட்டிப்போவதாக அத்தை சொல்லியிருந்தாள். ஆகவே நான் அத்தை கட்சி.

பெரியப்பா பஸ் ஏறி நேரிலேயே வந்தார். வந்த மனிதர் காப்பியைக் கூடக் குடிக்கவில்லை.

"ஏட்டி, ஒனக்கென்ன கோட்டி பிடிச்சிருக்கா? அங்கன ஒரு உசுரு படுக்கையில கெடக்கு. நீ இங்கன தகர டப்பாவுக்கு எஞ்சின் வச்சிக்கிட்டு இருக்க!"

அப்பா வழக்கம்போல் சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன் இருக்கும் அறையில் அப்பாவுக்குப் பேச்சு வராது. அத்தை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"அண்ணே, ஒரு பேச்சு. அசனத்தன்னைக்கு அந்த டப்பாவ நானே ஓட்டிட்டுக் கோயில் வாசல்ல வந்து நிப்பேன். வந்துட்டேன்னா ஒங்க மாமியாரப் பாக்க வேற ஆளப் பாத்துக்கிடணும். இன்னையோட இல்ல, இனிமே யாருக்கும் என்னைய அனுப்பப்படாது. வரலன்னா, பெட்டியோட ஒங்க பின்னால வாரேன். வாய் பேச மாட்டேன்."

அசனம் என்பது எங்கள் சபைப் பண்டிகை. எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்களான நாங்களும் கோயில் என்றுதான் சொல்வோம், பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம். அன்றைக்குச் சபையார் அத்தனை பேரும் கோயில் வளாகத்தில் வரிசையாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிடுவோம். ஊர் உலகமே கூடியிருக்கும். அந்த நாளைத்தான் அத்தை சொன்னாள். பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரி என்று சொல்லிவிட்டு அப்புறம்தான் காப்பி குடித்தார்.

அசனத்தன்று காலை அத்தையும் அப்பாவும் நானும் ஷெட்டுக்குப் போனபோது பெரியப்பாவும் கூட வந்தார். அத்தை தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? வேனைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். அத்தை மாம்பழக் கலர் பட்டு கட்டி, கண்ணாடி போட்டு, ஒரு ராணி மாதிரி ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொண்டது. நான் கைதட்டினேன். பெரியப்பாவின் முகம் வாடியதைப் பார்த்து இன்னும் பலமாகத் தட்டினேன்.

அத்தை முதல் கியரைப் போட்டாள். வண்டி விருட்டென்று பின்னால் போய் டயர் அடுக்கில் மோதி நின்றது.

ரிவர்ஸ் விழுந்துவிட்டதாக்கும் என்று மறுபடி போட்டாள். மறுபடியும் பின்னால். இரண்டாவது கியர், அதுவும் பின்னால். மெக்கானிக் அண்ணாச்சி தாமே ஏறிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு இறங்கினார். புது எஞ்சினோடு இணைப்பதற்காகக் கியர் பெட்டியைப் பிரித்திருக்கிறார். திரும்ப மாட்டும்போது உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரத்தைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டார். சக்கரங்கள் எல்லாம் தலைகீழாகச் சுற்றின.

"கிரவுனு திரும்பி உக்காந்துட்டு சிஸ்டர். நாலு கியரும் பின்னாலதான் போகும். எல்லாத்தையும் எறக்கிப் பிரிக்கணும். ஒரு வாரம் ஆகும்."

பெரியப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டிராக்டருக்கு லாரி எஞ்சின் வச்சவரு! சரி, நடட்டி. பெட்டியக் கட்டு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தை கியர்க் கம்பியை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு மெக்கானிக்கைப் பார்த்து, "அண்ணாச்சி, நாலும் பின்னால போகுதுன்னா, ரிவர்ஸ் எங்க போகும்?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி ஒரு விரலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சுற்றிப் பார்த்தார். "முன்னால."

"அது போதும். ஏறுங்க எல்லாரும்."

ரிவர்ஸ் கியரில் முன்னால் போகிற வண்டியில் நீங்கள் ஏறியிருக்கிறீர்களா? எஞ்சின் உயிர் போகிற மாதிரி கத்தும். வண்டி நடக்கும். நிஜமாகவே நடக்கும். சைக்கிளில் போனவர்கள் எங்களைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பால்மாடு ஒன்று கொஞ்ச தூரம் எங்களோடு சேர்ந்து வந்தது. பெரியப்பா எங்களோடு ஏற மாட்டேன் என்று ஆட்டோ பிடித்து, பக்கத்திலேயே வந்துகொண்டு, "எறங்கு, மானத்த வாங்காத" என்று கத்தினார். இத்தனை மெதுவாக ஓட்ட ஏலாது என்று ஆட்டோக்காரர் சண்டை போட்டு அவரை இறக்கிவிட்டுப் போய்விட்டார். அப்புறம் பெரியப்பா நடந்தே வந்தார். எங்கள் வேகமும் அவர் வேகமும் ஒன்றுதான். நான் ஜன்னல் வழியாக அவருக்கு நாக்கைத் துருத்திக் காட்டினேன். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

ஆற்றுப் பாலத்தில்தான் வினை வந்தது. எங்களுக்குப் பின்னால் டவுன் பஸ்கள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. பாலத்தின் நடுவில் ரேடியேட்டர் கொதித்து முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. அத்தை எஞ்சினை அணைத்தாள். பஸ் டிரைவர் எட்டிப் பார்த்து, "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை? ஓரங்கட்டு" என்றார். அத்தை இறங்கி, வேனுக்குள் இருந்த தொட்டிக் குழாயைத் திறந்து சருவச்சட்டியில் தண்ணீர் பிடித்தாள். "ஒங்க வண்டியில குழா இருக்கா வே? இல்லல்லா? அப்ப கொஞ்சம் பொறும்" என்று அவருக்குச் சொல்லிவிட்டு, கொதி அடங்கும் வரை இடுப்பில் கைவைத்து நின்று, பைய தண்ணீரை ஊற்றினாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

அதற்குள் பெரியப்பா வந்து சேர்ந்துவிட்டார். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னல் வழியாக அப்பாவின் தோளைத் தட்டினார். "ஏலே, நீ சொல்லுலே அவகிட்ட. நீ சொன்னா கேப்பா. ஊரே பாக்குது."

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அத்தையைப் பார்த்தார். அத்தையும் பார்த்தாள். பிறகு வண்டிக்கு முன்னால் போய் நின்று, தோளில் கிடந்த நேரியலை எடுத்து வீசி, எதிரே வந்த மாட்டு வண்டியை ஒதுங்கச் சொன்னார்.

"ஏலே, நீயுமா?" என்றார் பெரியப்பா.

"தள்ளி நில்லுங்கண்ணே. வண்டி வருது."

அப்பா தம் அண்ணனிடம் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பாவுக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும். காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. ஆனாலும் நேரியலை வீசிக்கொண்டே முன்னால் நடந்தார், அவருக்குப் பின்னால் வேன் கத்திக்கொண்டே நடந்தது. வண்ணார்பேட்டையில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கைகாட்டி, "என்னம்மா, ரிப்பேரா?" என்று கேட்டார். "ரிப்பேருன்னா நிக்கும். இது போகுதுல்லா?" என்றாள் அத்தை. அவர் யோசித்துப் பார்த்துவிட்டு வழி விட்டார். முருகன்குறிச்சி வந்தபோது எங்களுக்குப் பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு கூட்டமே வந்துகொண்டிருந்தது.

நாங்கள் கோயில் வாசலில் நுழைந்தபோது முதல் பந்திக்கு இலை போட்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அத்தை ஐயர் நின்ற இடம்வரை கொண்டுபோய் நிறுத்தி, பிரேக் போட்டு, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். பெரியப்பா மூச்சு வாங்கிக்கொண்டு, "இது செல்லாது. ரிவர்ஸ் கியர்ல வந்தது செல்லவே செல்லாது" என்றார்.

"கியரு எதுவா இருந்தா என்ன அண்ணே? என் மூஞ்சி முன்னாலதான பாத்துட்டு வந்துச்சு!"

ஐயருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வந்தாச்சுல்லா, விடுங்க. சோறு ஆறுது" என்றார். அவ்வளவுதான். பெரியப்பா கைகழுவப் போய்விட்டார். அத்தை பந்தியில் உட்கார்ந்து இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டாள். எழுந்து கைகழுவி, வேனுக்குள் ஏறிக் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஆளாளுக்கு அத்தையைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு தாத்தாவுக்குப் பிரஷர் பார்க்க வேண்டும். யாருடைய பிள்ளைக்கோ கறி எலும்பு ஈறில் குத்திவிட்டது. பெரியம்மாவும் தன் அம்மாவின் மாத்திரைகளைப் பையோடு கொண்டுவந்திருந்தாள், எதை எப்போது கொடுப்பது என்று கேட்க வேண்டுமாம். "ஏட்டி, போயி அத்தையக் கூட்டிட்டு வா" என்று என்னை அனுப்பினாள்.

நான் கதவைத் தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டி, "அத்தை, நான்தான்" என்றேன். திரை விலகியிருந்த இடுக்கில் எட்டிப் பார்த்தேன். அத்தை கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தாள். தூங்கவில்லை. கண் நன்றாகத் திறந்திருந்தது. கால்மேல் கால் போட்டு, கட்டைவிரலை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் தட்டுவது அவளுக்குக் கேட்கிறது. கேட்டும் எழுந்திருக்கவில்லை! அத்தனை தூரம் கூடவே வந்தவள் நான். என் குரலுக்குமா?

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஓடிப்போய், கறி வாளியோடு நின்ற அம்மாவிடம், அத்தை சும்மா முழித்துக்கொண்டு படுத்திருக்கிறாள், கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறாள் என்று கோள் சொன்னேன். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வேனைப் பார்த்தாள். அதற்குள் பெரியம்மா மாத்திரைப் பையோடு வந்துவிட்டாள்.

"எங்க உங்க மைனி? வாராளா?"

"நல்லா உறங்குதாக்கா" என்றாள் அம்மா. "அடிச்சுப் போட்ட மாதிரி உறங்குதா. எழுப்ப மனசு வரல."

"இல்லம்மா, முழிச்சுத்தான..." என்று நான் ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். பொய் சொன்னால் என்னை முழங்கால் போட வைக்கிற அம்மா, கோயில் வளாகத்தில், ஐயர் காதுபட, வாய் கூசாமல் பொய் சொன்னாள். உண்மையைச் சொன்ன எனக்குக் கிள்ளு. இந்தப் பெரியவர்களிடம் நியாயமே கிடையாது என்று தொடையைத் தேய்த்துக்கொண்டு அழுதேன்.