குரலுக்கு விட்டுவைத்த இடம்

ஜொகூரில், மாசாய்ச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது அஸ்மானின் போன் வந்தது. "சிக்கு" என்றார். மலாய்க்காரர்கள் ஆசிரியரை அழைக்கும் சொல். நான் பள்ளியை விட்டு வந்து வெகுகாலம் ஆன பிறகும் அவருக்கு நான் சிக்குதான். அவர் பக்கத்தில் ஏதோ லாரி பின்னோக்கி வரும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அருள் டா தாக் அடா, சிக்கு" என்றார். அருள் இல்லை. மீன்காரர் பையை நீட்டியபடியே நின்றார். நான் வாங்க மறந்திருந்தேன்.

அருள்நாதன் என் அடுத்த வீட்டுக்காரர். மருத்துவமனையில் உடனிருந்த அவர் மனைவி ஸ்டெல்லா, அவருடைய இசைக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அஸ்மானிடம் சொல்ல, அஸ்மான் என்னிடம் சொன்னார். எதிர்பார்த்திருந்த செய்திதான். எதிர்பார்த்தால் வலி குறையும் என்று யாரோ சொல்லி நானும் நம்பியிருந்தேன். குறையவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் சிலர் அவரை மேடையில் பார்த்திருப்பீர்கள். 'மூணாம் ஷிப்ட்' என்ற ராக் குழுவின் பாடகர். அதன் பாடல்களையும் அவரே எழுதினார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு வருவார். விடுப்பு நாட்களையெல்லாம் சேர்த்துவைத்துப் பழைய வேனில் வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். எந்த நிறுவனமும் பின்னால் இல்லாமல் இரண்டு ஆல்பங்கள் வெளியிட்டார். மூன்றாவதை அவர் குரலோடு முடிக்க வேண்டும் என்பது ஒன்றே அவருடைய கடைசி ஆசை. அது நடக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் அவரை அறிந்தது சுவர் வழியாகத்தான். அந்த வரிசை வீட்டுக்கு நான் குடிவந்த புதிதில், ஞாயிறு மதியங்களில் என் வீட்டுச் சுவர் அதிரும். தேவாலயத்தில் பூசைக்குப் போய்த் திரும்பியதும் அவர் பயிற்சியைத் தொடங்கிவிடுவார். ஒருநாள் பொறுக்காமல் போய்க் கதவைத் தட்டினேன். வியர்வையோடு வந்து நின்றார்.

"எந்தப் பாட்டு சார் தொந்தரவா இருக்கு?"

"ரெண்டாவதா வாசிச்சீங்களே, அது."

"எங்களுக்கும் அதான் சார் தொந்தரவு. உள்ள வாங்க, எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க."

திரும்பத் திரும்ப வரும் அடிகளில் ஒரு சொல்கூடப் புரியவில்லை என்றேன். அவர் கிட்டார் வாசிக்கும் குமரனைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா, சொவத்துக்கு அந்தாண்டேருந்தே கண்டுபிடிச்சிட்டாரு. நீ பக்கத்துல நின்னுகிட்டு ஒண்ணும் சொல்லல." புகார் சொல்லப் போனவன் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறும் போனேன்.

செடெனாக்கில் ஒரு கல்யாண விருந்துக்கு யாரோ இவர்களைச் சினிமாப் பாட்டுக் குழு என்று நினைத்து அழைத்துவிட்டார்கள். நானும் வேனில் ஏறிக்கொண்டேன். முதல் பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் மேடையருகே வந்தார். "அண்ணே, நல்ல குத்துப் பாட்டா ஒண்ணு போடுங்கண்ணே."

"நாங்க எங்க பாட்டுதான்பா பாடுவோம்."

"ஒங்க பாட்டா? எந்தப் படம்ணே?"

"இன்னும் எடுக்கல."

மண்டபம் சிரித்தது. ஆனால் மூன்றாவது பாட்டில் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். கம்பிகளைச் சுருட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே இருந்தது, கழற்ற மறந்த சட்டைபோல. பெண் வீட்டார் கொடுத்தனுப்பிய சாப்பாட்டுப் பொட்டலத்தை வேனில் பிரித்துவைத்து, "பிரியாணி நல்லாருக்கு சார், சாப்பிடுங்க" என்றார்.

இன்னொருமுறை ஈப்போவுக்கும் உடன் போனேன். குறுந்தட்டும் சட்டையும் விற்கும் மேசையில் உட்கார ஆள் இல்லை என்றார்கள். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரான நான், மண்டை ஓடு வரைந்த கறுப்புச் சட்டைகளை அளவுவாரியாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேட்க வந்தவர்களைவிட மேடையிலும் மேசையிலும் இருந்த நாங்களே அதிகம். அருள் அன்று கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். திரும்பும் வழியில், இத்தனை பேருக்காக இவ்வளவு கத்த வேண்டுமா என்று கேட்டேன். "எத்தன பேரு வந்திருக்காங்கன்னு தொண்டைக்குத் தெரியாது சார். நாமளா சொன்னாதான் அதுக்குத் தெரியும்" என்றார்.

அவர் வேலை செய்யும் முறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆல்பத்தில் முதலில் குரலைப் பதிவு செய்து, பிறகு வாத்தியங்களைச் சேர்த்தார்கள். வெளிவந்ததும் கேட்டுவிட்டு ஸ்டெல்லா சொன்னார்: "அவங்கல்லாம் ஹால்ல வாசிக்கிறாங்க, நீங்க மட்டும் பாத்ரூம்ல பாடுறீங்க." அது அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. என்னிடம் காரணம் கேட்டார். எனக்கு இசை தெரியாது. தெரிந்த உதாரணத்தைச் சொன்னேன். வகுப்பில் நாட்டின் வரைபடம் வரையச் சொன்னால் சில பிள்ளைகள் முதலில் ஊர்ப் பெயர்களை எழுதிவிடுவார்கள். அப்புறம் கரையை வரைவார்கள். பார்த்தால் ஜொகூர் பாரு கடலுக்குள் நிற்கும். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து எல்லா வாத்தியங்களும் முடிந்த பிறகே குரல் என்று வைத்துக்கொண்டார். வாத்தியக்காரர்களுக்கு வழிகாட்ட மெல்லிய குரலில் ஒருமுறை பாடுவார். அவர்கள் வாசித்து முடித்ததும் அதை அழிக்கச் சொல்வார்.

உலு திராமில் குமரன் வீட்டுப் பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். "ஒரு காப்புக்கு வச்சிருப்போம்ணே" என்று குமரன் கெஞ்சுவார். "அழிச்சிடு. அது இருந்தா நான் சோம்பேறியாயிடுவேன்" என்பார் அருள். தம் கண்முன்னே அழித்தால்தான் எழுந்து போவார். இரண்டாவது ஆல்பம் அப்படித்தான் உருவானது. அதில் அவர் குரல் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. அதனால் அந்த முறையின் மேல் அவருக்கு நம்பிக்கை ஏறிவிட்டது.

மூன்றாவது ஆல்பம் பாதியில் இருந்தபோது அவர் குரல் கம்மத் தொடங்கியது. புகை, தூசி, ஏசி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னோம். மருத்துவர் வேறு காரணம் சொன்னார். குரல்வளையை எடுக்க வேண்டும் என்று அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

அன்று குமரன் அவரிடம் கத்தியே விட்டார். "அலமாக், மொதல்ல பாடி முடிங்கண்ணே! கிட்டார நான் எப்ப வேணாலும் வாசிச்சுக்கலாம். ஒங்க தொண்ட இருக்குமா?"

"கூர போடாத வீட்டுல குடி போகச் சொல்றியா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். "அருள், இந்த ஒரு தடவ மாத்திக்குங்க. என்ன இருக்கோ அதப் பாடி வச்சிடுங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க சொன்னதுதானே சார், கரையப் போடாம ஊர எழுதக் கூடாதுன்னு. வாத்தியாரே பேச்ச மாத்தலாமா?"



ஓட்டப் பந்தயம்போல வாசித்தார்கள். அஸ்மான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். அருளால் மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியவில்லை. நான்தான் காரில் அழைத்துப் போவேன். சிகிச்சைக்குச் சில நாள் இருக்கும்போது இசை முழுவதும் முடிந்தது. குமரன் ஒலிவாங்கியை அவர் உயரத்துக்கு இறக்கிவைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினார். இசை தொடங்கியது. அவர் பாட வேண்டிய இடம் வந்தது. வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் காற்று. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "நாளைக்குப் பாப்போம் லா" என்றார். அதைக்கூட அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். மறுநாளும் போனோம்.

சிகிச்சைக்குப் பிறகு ஒரே ஒருமுறை அந்த அறைக்கு வந்தார். கழுத்தில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்து எல்லாப் பாட்டுகளையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கைப்பேசியில் தட்டி எங்களிடம் காட்டினார்: 'இடம் நல்லா விட்டிருக்கோம்.' குமரன் எழுந்து வெளியே போய்விட்டார்.

அடக்கம் முடிந்த சில நாட்களில் ஸ்டெல்லாவும் அஸ்மானும் நானும் குமரன் வீட்டில் கூடினோம். வேறு யாரையாவது பாடவைக்கலாமா என்று குமரன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "வேணாம் குமரா" என்றார் ஸ்டெல்லா. "அந்த எடத்த அவரு யாருக்கும் விட்டுட்டுப் போகல." பிறகு, என்ன இருக்கிறதோ அதைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

முதல் பாட்டு தொடங்குமுன் ஒரு குரல் கேட்டது. "சத்து, டுவா, தீகா, அம்பாட்!" ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அருள்தான். காதுக்குள் இயந்திரம் தாளம் தட்டினால் அஸ்மானுக்கு வாசிக்க வராது. அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் அருள் டிரம்ஸுக்கு எதிரே நின்று மலாயில் எண்ணித் தொடங்கிவைப்பார். டிரம்ஸுக்கு வைத்த ஒலிவாங்கிகளில் அந்தக் குரல் விழுந்திருந்தது. பாட்டில் அது சேராது என்பதால் அழிக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

"அது சும்மா எண்ணுறதுதான் அக்கா" என்றார் குமரன். "வெளியிடும்போது வெட்டிடுவோம்."

"வெட்டாத" என்றார் ஸ்டெல்லா.

குமரன் எல்லாப் பாட்டுகளின் தொடக்கத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டார். முதலில் பதிவான பாட்டுகளில் அந்த எண்ணிக்கை, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரிந்த அதே முழக்கம். பின்னால் வர வர அதில் மணல் விழுகிறது. ஒரு பாட்டில் 'தீகா'வோடு நின்று இருமுகிறார். கடைசியாகப் பதிவான பாட்டில் எண்ணிக்கை இல்லை. அஸ்மான் குச்சியோடு குச்சி தட்டித் தாமே தொடங்கிக்கொள்கிறார்.

"அன்னிக்கி அவரு எதுருலதான் நின்னாரு. கைய மட்டும் ஆட்டுனாரு" என்றார் குமரன்.

ஆல்பம் அப்படியே வெளிவரும் என்கிறார்கள். யார் கேட்பார்கள் என்று தெரியவில்லை. அவருடைய குரல் இருந்தபோதே கேட்டவர்கள் கொஞ்சம்தான். நல்ல மனிதர்கள் பாடுபட்டால் பலன் கிடைக்கும் என்று நான் பல வருடங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அதற்கு உதாரணமாக அருளைக் காட்ட என்னால் முடியாது.

குமரன் என் கைப்பேசியில் அந்தப் பாட்டுகளை ஏற்றித் தந்திருக்கிறார். அருளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். ஞாயிறு மதியம் சுவர் சும்மா இருக்கும்போது போட்டுக் கேட்கிறேன். சத்து, டுவா, தீகா, அம்பாட். அஸ்மான் தொடங்குகிறார், குமரன் சேர்ந்துகொள்கிறார். அருளுக்கு விட்டுவைத்த இடம் வருகிறது. வந்து, அப்படியே கடந்துபோகிறது.