ஏழாம் எண் குதிரை

ஜனவரி 11: குதிரை, ஆளில்லாமல் – 35.00
ஜனவரி 12: நீல வண்ணம், மஞ்சள் வண்ணம் – 6.40
ஆகஸ்ட் 30: அச்செடுக்கும் ரப்பர் – 18.00
அக்டோபர் 5: பார்சல் – 4.75
நவம்பர் 2: அஞ்சல்தலை – 0.60

என் தங்கை ஒரு பொம்மைக் குதிரைக்குச் செலவழித்ததில் சில இவை. வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தொரு வருடமாகப் பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. மெழுகில் பல் செதுக்குவாள், அச்செடுப்பாள், வார்ப்பாள், ஈறின் நிறத்துக்கு வண்ணம் சேர்ப்பாள். ஒன்பது வருடத்துக்கு முன்பு மேசை விளக்கு வாங்கப் பழைய சாமான் கடைக்குப் போனவள், கவசம் போட்ட ஓர் உலோகப் போர்வீரனோடு திரும்பினாள். வாள் பிடிக்கும் கை உடைந்திருந்தது. பட்டறைக் கருவிகளாலேயே புதுக் கை வைத்தாள். விளக்கு இன்னும் வாங்கவில்லை. இன்று அலமாரியில் நாற்பத்துமூன்று உருப்படிகள். ஒவ்வொன்றின் உயரம், எடை, குறை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவது என் பொறுப்பு.

"நம்ம வீட்ல குதிரைக்கெல்லாம் நாலு கால் இருக்கு மச்சான். இந்த நாற்காலிக்குத்தான் மூணு" என்பார் அவள் கணவர்.

"உங்க நாற்காலி எந்தச் சண்டைக்குப் போச்சு? போயிட்டு வரட்டும், ஒட்டித் தர்றேன்."

ஜனவரியில் வந்த குதிரையின் சேணத்தில் ஒரு துளை இருந்தது. அதில் உட்கார வேண்டியவன் இல்லை. முதுகு விரிப்பில் நீலமும் மஞ்சளுமாகக் கட்டம், வயிற்றுக்கடியில் 7. பழைய பொம்மை சேகரிப்பவர்களின் மாத இதழில் இரண்டு வரி விளம்பரம் கொடுத்தாள். வேறு ஊரிலிருந்து ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் பதில் எழுதினார். காது மந்தம், போன் வேண்டாம், கடிதமே போதும் என்றார். அவரிடம் அதே நீலம் மஞ்சளில், அதே 7 போட்ட வீரன் இருந்தான். குதிரை இல்லை.

வீரனைத் தருவீர்களா என்று இவள் கேட்டாள். குதிரையைத் தருவீர்களா என்று அவர் கேட்டார். ஆறு மாதம், ஏழு கடிதம். அசல் குதிரையில் அசல் வீரனை உட்காரவைத்தே தீருவேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றாள். எட்டாவது கடிதத்தில் ஒரு புகைப்படம் வந்தது. கால்களை அகட்டியபடி வார்க்கப்பட்ட வீரன், நிற்க வழியில்லாமல் ஒரு தீப்பெட்டிமேல் சாய்ந்து கிடந்தான்.

"என் குதிரையாவது நிக்குது அண்ணா. அவரோட ஆளு படுத்தே கிடக்கான், பாவம்."

குதிரைக்கு அச்செடுத்து, அதேபோல் இன்னொன்றை வார்த்து அவருக்கு அனுப்ப முடிவு செய்தாள். ஐந்து வாரம் ஆயிற்று. விரிப்பின் ஓரத்தில் இருந்த கீறலைக்கூட விடவில்லை. முடிந்ததும் இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி, "எது அசல்? சொல்லுங்க பாப்போம்" என்று கணவரைச் சீண்டினாள்.

"ரெண்டும் கழுதை மாதிரிதான் இருக்கு."

பார்சல் போனது. மாதக் கடைசியில் வழக்கம்போல எல்லாவற்றையும் நிறுத்தேன். பதிவேட்டில் குதிரை அறுபத்திரண்டு கிராம். அலமாரியில் நின்றது ஐம்பத்துநான்கு. தராசை இருமுறை சரிபார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

குதிரையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"அசலையா அனுப்பிட்டேன்? என் கையாலயா?"

"ஊரையே ஏமாத்துற மாதிரி செஞ்சே. கடைசில நீயே ஏமாந்துட்டியே!" என்றார் கணவர்.

அவள் குதிரையைக் கவிழ்த்து, வயிற்றுக்கடியில் இருந்த 7-ஐப் பார்த்தாள். பிறகு அவள் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பிக் கேளு" என்றேன்.

"வேணாம் அண்ணா. இப்பத்தான் உக்காந்திருக்கான். எழுப்பினா நல்லாவா இருக்கும்?"

உங்களிடம் இருப்பதுதான் அசல், அங்கேயே இருக்கட்டும், படம் மட்டும் அனுப்புங்கள் என்று எழுதிப் போட்டாள். தபால்காரர் வரும் நேரத்தில் மட்டும் வாசலில் அவளுக்கு ஏதாவது வேலை இருந்தது.

பதினேழாம் நாள் ஒரு பெட்டியும் கடிதமும் சேர்ந்து வந்தன. எடை பழகிய கை என்பதால், பிரித்த அன்றே அது அசல் என்று லிஃப்ட்காரருக்குத் தெரிந்துவிட்டதாம். ஆசையில் வாய் திறக்கவில்லையாம். "உங்கள் கடிதம் வந்தபின் வெட்கமாகிவிட்டது. இவர்களைப் பிரிக்க மனமில்லை, இருவரும் உங்களிடமே இருக்கட்டும். எனக்கு ஒரு ஜோடி நகல் செய்து வையுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இந்த முறையாவது நகலையே கொடுங்கள்" என்று முடித்திருந்தார்.

பெட்டிக்குள் வீரன் குதிரைமேல் உட்கார்ந்திருந்தான். அவனை இறக்கித் தன் கையால் மறுபடி ஏற்றினாள். சேணத்தின் துளைக்குள் வீரனின் அடியிலிருந்த முளை 'டக்' என்று இறங்கியது. அந்தச் சத்தத்துக்காக இன்னும் மூன்று முறை இறக்கி ஏற்றினாள்.

லிஃப்ட்காரர் சொன்னபடி வந்தார். இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். பேசினால் தெருமுனைவரை கேட்கிறது. நாற்காலிக்கு நாலாவது காலை வைத்தது அவர்தான். கடிதத்துக்கு அதன்பின் வேலை இல்லாமல் போயிற்று. கடைசிக் கடிதம் வந்த தேதி நவம்பர் 19.