பெரட்டில் அம்மா அழைத்த பெயர்

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உங்களில் பலர் அவரை 'மண்டோரம்மா' என்றே அழைத்தவர்கள். அந்தப் பெயர் அவருக்கு எப்படி வந்தது, அதற்காக அவர் எதை இழந்தார் என்பதை மகள் என்ற முறையில் எழுதி வைக்கிறேன்.

செலண்டார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், அம்மா பிறந்தார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குப் பள்ளிக்கூடம் போனார். பிறகு ரப்பர் பால்வாளியைத் தூக்கினார். மணமான சில மாதங்களிலேயே சிங்கப்பூர்த் துறைமுக வேலைக்கென்று போன கணவர் திரும்பவில்லை. கேட்டால், "போனவரு போயிட்டாரு, மரம் நிக்குதுல்ல" என்று கத்தியைத் தீட்டப் போய்விடுவார்.

அது மலாய் நாட்டில் வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்வேலி. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகவே தடை. காலையில் பெரட்டுக் களத்தில் எல்லாரும் கூட, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பார். வராதவர் பெயரைப் பக்கத்தில் நிற்கும் சிப்பாய்களிடம் உடனே சொல்லியாக வேண்டும். அப்படியிருக்க, எங்கள் தோட்டத்து மண்டோர் காட்டுப் பாதையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து யார் என்று துரை கேட்டபோது மீசைக்காரர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அம்மாதான், "நான் கூப்புடுறேன் தொரே" என்றார்.

மறுநாளே மீசைகளுக்கு வீரம் திரும்பிவிட்டது. "பொம்பள கூப்புட்டு நாம 'இருக்கேன்'னு சொல்றதாம்லா!" என்று காதில் விழும்படி சிரித்தார்கள். அந்த வட்டாரத்தில் அதுவரை பெண் மண்டோரை யாரும் கண்டதில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி நேரடியாகவே சொன்னாராம்: "ஆளு வராட்டி நீ மறைப்பே. பொம்பளைங்க ஒருத்திய ஒருத்தி காட்டிக்குடுக்க மாட்டீங்க." அந்தச் சொல் அம்மாவை நன்றாகவே சுட்டிருக்க வேண்டும்.

பாக்கியம் அடுத்த வீட்டுக்காரர், அம்மாவின் உயிர்த்தோழி. கணவரைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுக் கைக்குழந்தையோடு பால் எடுக்க மரம் வெட்டியவர். தாமதமாக வருபவரை 'வந்தாச்சு' என்று சொல்லிச் சமாளிப்பது பழைய மண்டோர்களுக்கு வழக்கம். ஒரு காலை பாக்கியத்தின் பெயரை அம்மா கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். ஆண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது. அம்மா, "வரல" என்றார்.

சிப்பாய்கள் போனார்கள். குழந்தையை, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுக் குறுக்கு வழியில் ஓடிவந்த பாக்கியத்தை வேலியோரம் மடக்கினார்கள். அவர் மடியில் கொஞ்சம் சோறு இருந்தது. காட்டுக்குப் போகிற சோறு என்றார்கள். "பால் குடுக்கிறவளுக்குப் பசிக்காதா?" என்று அம்மா கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. லாரியில் ஏற்றும்போது பாக்கியம் அம்மாவைப் பார்த்தாராம். தடுப்புக்காவலில் வைத்து, பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றியதாகக் கேள்வி. அதன்பின் ஒரு தகவலும் இல்லை.

அன்று மதியம் ஆயாக் கொட்டகையிலிருந்து அம்மா தூக்கி வந்த குழந்தை நான்.

பள்ளிக்கூடம் போகிற வயதில் அவரே என்னிடம் சொன்னார். "ஒன்னப் பெத்தவ பாக்கியம். அவளப் புடிச்சுக் குடுத்தது என் வாயி. அடுத்தவுங்க சொல்லி நீ கேக்கக் கூடாது." அவரைக் கட்டிக்கொள்வதா, விட்டு ஓடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பசித்தது, அவர் கையால்தான் சாப்பிட்டேன்.

அம்மா மண்டோர் வேலையை விடவில்லை. ஆனால் தினமும் பெரட்டில் பாக்கியத்தின் பெயரையும் கூப்பிட்டார். "பேர அடிச்சாச்சு, இன்னும் ஏன் கூப்புடுற?" என்று கிராணி அதட்டினார். "நீங்க அடிச்சிட்டீங்க ஐயா, நான் அடிக்கல" என்றார் அம்மா. பதிலுக்குக் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த பெயருக்குப் போவார். ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அதைக் கேட்டு நின்றிருக்கிறேன். யாராவது பதில் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கும்.

கடைசிக் காலத்தில் அம்மா தெங்கேரா ஊரில் என் வீட்டில் இருந்தார். விடியுமுன் படுக்கையில் உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிடுவார். அநேகமாக எல்லாரும் இறந்தவர்கள். பாக்கியத்தின் பெயர் வந்ததும் நிறுத்திக் காத்திருப்பார். வாசலில் பார்த்துவிட்டு வா என்பார். பார்ப்பேன்; வெறும் தெருதான். ஆனாலும் கதவைச் சாத்த எனக்குக் கை வராது.

"நீயாச்சும் ஒருவாட்டி 'இருக்கேன்'னு சொல்லேன், பாவம்லா" என்றார் என் கணவர். சொன்னேன். அம்மா திரும்பிப் பார்த்தார். "அவ கொரல் எனக்குத் தெரியாதா? நீ போயிப் படு" என்றார். பிறகும் காத்திருந்தார். அந்த வாரமே அவர் உயிர் பிரிந்தது.

படுக்கையில் கிடந்த அம்மாவைத் துடைத்து விடக் கைகொடுத்த பக்கத்து வீட்டு மலாய் அக்காவுக்கும், வேன் பிடித்துச் செலண்டாரிலிருந்து வந்த தோட்டத்துச் சொந்தங்களுக்கும், ஈமக்கடனை முன்னின்று முடித்துக் கொடுத்த பெரியவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

திதிக்கு அம்மாவுக்கு இலை போடும்போது பாக்கியத்துக்கும் ஒன்று போட்டுவிடு, இந்த வயதுக்கு மேல் எங்கே இருக்கப்போகிறார் என்று பெரியவர்கள் அன்போடு சொல்கிறார்கள். நியாயம்தான். ஆனால் இலை போட்டால் அவர் இனி வரமாட்டார் என்று நானே சொன்னதாகிவிடும். அவர் வரவில்லை என்று ஒரு முறை சொன்னதற்கே அம்மா ஆயுள் முழுக்க நிம்மதியாகத் தூங்கவில்லை. பெரியவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓர் இலைதான் போடுவேன்.