சாயங்காலம் மடங்கிய கால்

இதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைத்து, நினைத்து விட்டிருக்கிறேன். வம்சத்து வியாதி என்று ஊர் பேசுமே என்ற பயம்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் எதையும் மறைக்காமல் சொல்லித்தான் மகளைக் கட்டிக் கொடுத்தோம். அவளுக்குப் பிள்ளையும் பிறந்துவிட்டது. இனி என்ன பயம்?

எண்பதுகளின் தொடக்கம். போடியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் குரங்கணிக்கு மேலே ஏலத் தோட்டத்தில் வேலை. மகளுக்கு ஏழு வயது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். சாயங்காலம் திரும்பும்போது இடது பாதம் உள்பக்கம் மடங்கி, நுனிக்காலில் இழுத்து இழுத்து வருவாள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.

"காலையில ஓட்டம், வீட்டுப்பாடம்னா நொண்டியா? நல்லாத்தான் நடிக்கிறா ஒம்மக" என்று பக்கத்து வீட்டில் கேலி செய்வார்கள்.

விடியற்காலையில் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போவேன். பிரகாரத்தை நன்றாகச் சுற்றி வருவாள். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று அழுவேன். பொழுது சாய்ந்தால் பழைய கதைதான். போகப் போக மத்தியானமே கால் மடங்கத் தொடங்கியது. என் நாத்தனாருக்கும் சிறு வயதில் இப்படித்தான் ஆரம்பித்ததாம். கம்பு ஊன்றியே காலம் கழித்தவர், கல்யாணமும் ஆகவில்லை. என் பிள்ளையும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

மதுரைக்குப் போனோம். முதல் பஸ்சில் என் மடியில் தூங்கிக்கொண்டே வந்தவள், டாக்டர் முன்னால் ஜோராக நடந்து காட்டினாள்.

"சாயங்காலந்தாங்கய்யா வரும்" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தூங்கி எந்திரிச்சா சரியாயிருதாம்மா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருங்க. நான் வந்து பாக்குறேன்."

சொன்னபடி வந்தார். வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து, மடங்கிய பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். நாத்தனாரைப் பற்றிச் சொன்னேன். ரத்த வழியில் வரும் அபூர்வமான நரம்பு வியாதியாக இருக்கலாம் என்றார். வயதானவர்களின் கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரையையே துளி அளவில் எழுதிக் கொடுத்து, நாத்தனாரையும் கூட்டிவரச் சொன்னார்.

போடி மருந்துக் கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தாத்தாமாரு மாத்திரையாச்சேக்கா, சின்னப்பிள்ளைக்கா?"

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், புத்தகப்பை முதுகில் குதிக்க, தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள் மகள். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டேன்.

நாத்தனார் லேசில் வரவில்லை. "நான் என்ன கல்யாணமா கட்டப்போறேன், எனக்கெதுக்கு மருந்து?" என்றார். பிடிவாதமாகக் கூட்டிப்போனோம். அவருக்கும் மெல்ல மெல்லக் கால் இளகியது. ஒருநாள் கம்பில்லாமல் அடுப்படிக்கு வந்து நின்று, "இத்தன வருசமா சாமிய ஏசி வஞ்சுட்டேனே தாயி" என்று விம்மினார்.

ஊரில் இதைச் சொல்கிறவர்கள் மாத்திரையை விட்டுவிட்டு, அம்மன் அதிசயம் என்கிறார்கள். அந்த நல்ல மனுசனை அனுப்பியது அம்மன்தான் என்று நானும் நம்புகிறேன். ஆனால் மகள் இன்றைக்கும் மாத்திரையை விடவில்லை. அதனால் இதைப் படித்தவர்கள் நாலு பேரிடம் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்; இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு எங்கோ கோயிலைச் சுற்றிவரும் ஒரு தாய்க்கு, இது நடந்தபடியே போய்ச் சேர வேண்டும்.