ஊறுகாய் ஜாடியில் பெட்ரோல்

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறியிருந்த சமயம். "இனி ஆளுக்கு இவ்வளவுன்னு அளந்துதான் ஊத்துவாகளாம்" என்று காரைக்குடி முழுக்கப் பேச்சு. வீட்டில் பெட்ரோலைச் சேர்த்து வைப்பது குற்றம் என்று கேட்டதும் என் கணவருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "என் காசு, என் காரு, என் வீடு. இதுல சர்க்காருக்கு என்ன வேலை?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பொரிந்து தள்ளினார். வெறும் வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை வழக்கம்போல் தூபக்காலில் கனல் எடுத்து, சாம்பிராணி போட்டு, அறை அறையாகப் புகை காட்டி வந்தேன். எனக்குக் கடுமையான ஜலதோஷம். எந்த வாசனையும் தெரியவில்லை. சாமான் அறைக் கதவைத் திறந்ததுதான் தாமதம், முற்றத்திலிருந்து அவர் அலறினார்.

"ஐயோ, அங்குட்டுப் போகாத! நெருப்ப வெளிய கொண்டு போ!"

கிணற்றடிக்கு ஓடித் தண்ணீரை ஊற்றி அணைத்தேன். திரும்பி வந்து பார்த்தால், மாங்காய் ஊறுகாய் போடும் பீங்கான் ஜாடிகளில் பெட்ரோலை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி ஒளித்து வைத்திருக்கிறார்!

அவரை ஜாடிகளுக்கு முன்னால் நிறுத்திக் கேட்டேன்.

"உங்க வீடுதான், சரி. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தி பச்சப்புள்ளயோட படுத்திருக்காளே, அதுவும் உங்க வீடா? இப்படிச் செஞ்சுட்டீகளே!"

அவர் ஜாடிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப் போய், பெட்ரோலைக் காரிலேயே ஊற்றிவிட்டு வந்தார்.

அன்று முதல் சாமான் அறைச் சாவி என் இடுப்பில்தான். எதைக் கொண்டுவந்தாலும் என்னிடம் திறந்து காட்டிவிட்டுத்தான் அவர் உள்ளே வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது நான்தான் சர்க்கார்.