இடது பக்கத்துப் பாரம்

விடுதி வேலைக்கு விருந்தினரைச் சமாளிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள், விடுதியே தண்ணீரில் மிதந்தால் என்ன ஆகும் என்று ஒரு மார்கழியில் எங்களிடம் வந்து பார்க்க வேண்டும். கண்டிக்குக் கிழக்கே, நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் கட்டிப் போட்டிருக்கும் மூன்று அறைப் படகு எங்களுடையது. அது எங்கும் போகாது. வேலை செய்யும் நாங்களும் அதிலேயே தங்குகிறோம். பேராதனையில் பட்டம் முடித்துவிட்டு, ஆட்களிடம் அதிகம் பேச வேண்டியிருக்காது என்று நம்பி இங்கே வந்தேன். வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிற்கும் சகோதரிகளுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

கோப்பை வைத்துப் பார்த்தது

நான் வந்த புதிதில் படகு வலது பக்கம் சாய்ந்திருந்தது. தண்ணீர்த் தாங்கி அந்தப் பக்கம். படகையும் கயிறுகளையும் பார்த்துக்கொள்ளும் சுலைமான் நானா, காலையில் ஒரு கோப்பையில் பிளேன்டீயை விளிம்பு வரை ஊற்றி மேசையில் வைப்பார். அது வலது பக்கமாக வழியும். இடது பக்கத்தில் மணல் மூட்டை அடுக்கத்தான் வேண்டும் என்பார்.

அதற்குள் கம்பளையிலிருந்து பார்வதி அக்கா சமையலுக்கு வந்து சேர்ந்தார். கனத்த உடம்பு. சமையலறை இடது பக்கம்; அவர் படுப்பதும் அங்கேதான். அவர் உள்ளே போய் நின்றதும் தேநீர் வழிவது நின்றது. நானா குனிந்து கோப்பையைப் பார்த்துவிட்டு, இனி மூட்டை தேவையில்லை என்றார். அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தார்.

"என்னைய சோறாக்கக் கூப்பிட்டீங்களா, பாரம் வைக்கக் கூப்பிட்டீங்களா?"

காயாத துணி

மார்கழியில் வெயில் ஏறினாலும் தண்ணீர் மேல் பனிமூட்டம் விலகாது. கொடியில் போட்ட துணி, போட்டதைவிட ஈரமாகத் திரும்பி வரும். அதனால் தலையணை உறைகளை அக்கா அடுப்புக்கு மேலே கம்பி கட்டி உலர்த்துவார், கதவைச் சாத்திக்கொண்டு, இருமிக்கொண்டே. ஒருமுறை யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கிய ஓர் அம்மா காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வார்த்தைகளைத் தேடிக்கொண்டு போனேன்.

"பிள்ளை, தலையணையில ரசம் மணக்குது. பிழையில்லை, ஆனா படுத்தவுடன பசிக்குதெல்லோ."

மூச்சு

இருமல் போகவில்லை. அக்காவால் படுக்க முடியாமல் போயிற்று. சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். வைத்தியரிடம் நான்தான் கூட்டிப்போனேன். குளிர் தீரும் வரை தண்ணீர் மேல் இருக்கவே கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்படியானால் தம்பி வீட்டுக்குத்தான் போக வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், ஒரே அறை. அதில் தம்பி, மனைவி, பிள்ளைகள், மனைவியின் தாய். போனால் இந்த வேலையும் போய்விடும் என்று அக்கா பயந்தார். அங்கிருந்தே கொழும்பில் இருக்கும் முதலாளிக்குத் தொலைபேசி எடுத்தேன். முன்பெல்லாம் அவரிடம் 'சரி சேர்' என்பதற்கு மேல் பேசியதில்லை. அன்று நிறையப் பேசினேன். பங்குனி பிறக்கும்வரை அக்காவின் இடத்துக்கு ஆள் எடுப்பதில்லை, பிறகு காத்திருக்க முடியாது என்றார். அதை அக்காவிடம் சொன்னேன். பஸ்ஸில் திரும்பும்போது அவர் சொன்னார்:

"டாக்டர் என் நெஞ்சத்தான் பாத்தாரு. என் தம்பி வீட்டப் பாக்கலயே."

சாய்வு

பொங்கல் முடிந்து அக்கா போனார். நடைபலகையைத் தாண்டி அவர் கரையில் கால் வைத்ததும், மேசையிலிருந்த பென்சில் வலது பக்கம் உருண்டு விழுந்தது. இப்போது சமையல் என் கையில். சோறு ஒருவாறு வேகிறது. ஆனால் என் உடம்பை வைத்துப் படகை நிமிர்த்த முடியவில்லை.

விருந்தினர் முறைப்பாடு செய்ய, மணல் மூட்டை ஏற்றும்படி முதலாளி சொல்லிவிட்டார். நானா மூட்டைகளைக் கொண்டுவந்து கரையில் இறக்கினார். அவை அங்கேயே கிடந்தன. நாள்கள் போயின. கடைசியில், மேலே ஏற்றவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். நானா கயிற்றை இறுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"பங்குனிக்குள்ள அவ வந்துட்டா, இதெல்லாம் யாரு தங்கச்சி திருப்பி எறக்குற?"

ஆகவே, இந்தப் பருவத்தில் எங்கள் படகுக்கு வருகிறவர்களுக்குத் தேநீர் முக்கால் கோப்பைதான் கிடைக்கும்.