சத்தமில்லாமல் மடங்க வேண்டும்

எங்கள் வீட்டில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதன் கைப்பிடிக்கு அடியில் விரல் பட்டால் சொரசொரவென்று இருக்கும். காய்ந்த சுண்ணாம்பு. என் பெரியப்பா, அதாவது செத்துப்போன என் அப்பாவுக்கு அண்ணன், வெற்றிலை போடும்போது விரலில் மிஞ்சியதை அங்கேதான் தடவுவார். பக்கத்தில் துடைக்கத் துணி போட்டு வைத்தாலும் அங்கேதான். வருஷக்கணக்கில் தடவித் தடவி அது அடையாக ஏறிவிட்டது. வீடு கூட்டும்போது அந்த நாற்காலியை நகர்த்த வேண்டி வந்தால் முதுகுப் பக்கமாக இரண்டு விரலால் பிடித்துத்தான் தூக்குவேன். சோறு தின்கிற கை.

இத்தனைக்கும் அது அவருக்காக வாங்கியது இல்லை, அம்மாவுக்காக வாங்கியது. சின்னாளபட்டியில் பலரையும் போல அம்மாவும் தறியில் உட்கார்ந்தவள். குழிக்குள் காலை விட்டு மிதித்து மிதித்து இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. இனிமேல் தரையில் உட்காரவே கூடாது என்று திண்டுக்கல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அன்றைக்குச் சாயங்காலமே நாற்காலி வந்தது. அம்மா அதில் உட்கார்ந்தாள், பெரியப்பா வாசலில் செருமுகிற வரைக்கும்.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் புருஷனின் அண்ணன் முன்னால் உட்கார மாட்டார்கள். அவர் தலை தெரிந்ததும் எழுந்து, முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, அடுப்படி வாசலோரம் போய் நிற்க வேண்டும். அவர் கிளம்புகிற வரை நிற்க வேண்டும். புருஷன் செத்த பிறகும் நிற்க வேண்டும். முழங்கால் தேய்ந்த பிறகும் நிற்க வேண்டும். யாரும் மிரட்டி நிற்க வைப்பதில்லை, தானாகவே நிற்பார்கள். அதுதான் எனக்கு ரொம்ப அருவருப்பு.

பெரியப்பா அடுத்த தெருவில் இருக்கிறார். நாள் தவறாமல் சாயங்காலம் வருவார். அம்மா எழுந்த சூட்டோடு அதே நாற்காலியில் உட்காருவார். ஒரு காலைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு பித்தவெடிப்பைச் சொறிந்தபடி ஊர்க்கதை பேசுவார். நான் புருஷனை விட்டுத் திரும்பி வந்தவள் என்பதை ஏதாவது ஒரு சாக்கில் நடுவில் செருகுவார். சொறிந்த அதே கையால் காபி டம்ளரை வாங்குவார். அவர் போன பின்பும் அம்மா அந்த நாற்காலிக்கு வர மாட்டாள். பெரியவர் உட்கார்ந்த இடமாம். சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, மெதுவாகத் தரையில் இறங்குவாள்.

ஒரு நாள் காலையில் பொறுக்க முடியாமல் அந்த நாற்காலியைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். அம்மா பதறிப்போனாள். பெரியப்பா வந்தால் போடுவதற்கு உள்ளே கிடந்த ஸ்டூலை எடுத்துத் துடைத்து வைத்தாள். அவருக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்குத்தான் இல்லை.

"எனக்கு மடக்கு நாற்காலியா ஒண்ணு பாருத்தா," என்றாள் அம்மா.

எங்கள் வீடு சின்னது. தறிக்குழியைப் பலகை போட்டு மூடிய இடம்தான் கூடம். அதனால் இடம் அடைக்கக் கூடாது என்று நினைக்கிறாள் போல என்று எண்ணிக்கொண்டேன். திண்டுக்கல்லில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய் இரும்பில் செய்த மடக்கு நாற்காலிகளைக் காட்டினேன். அம்மா ஒன்றில்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை. மடக்கிப் பார்த்தாள். டங்கென்று சத்தம் வந்தது. "இது வேணாம், சத்தம் போடுது," என்றாள். அடுத்ததை மடக்கினாள். அதுவும் வேண்டாம். நாற்காலி வாங்க வந்தால் உட்கார்ந்தல்லவா பார்க்கணும் என்று கடைக்காரர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

நான் வேலை பார்ப்பது திண்டுக்கல்லில் கீல், தாழ்ப்பாள், போல்ட், நட்டு விற்கிற கடையில். நாள் முழுக்க ஆசாரிகள் வந்து போகிற இடம். அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தச்சுவேலை தெரியும் என்று ஒரு நினைப்பு. மரத்தில் நானே செய்துவிடுகிறேன் என்று இறங்கினேன். போனில் வீடியோ பார்த்து ஒரு அட்டையில் படமும் போட்டுக்கொண்டேன். வீடு இடித்த சாமான் விற்கிற கடையில் மரம் மலிவு என்று கிளம்பியபோது, அம்மா பின்னாலேயே வாசல் வரை வந்தாள்.

"வாசநெல மரம் மட்டும் வாங்கிராத. அதுல ஏறி உக்காந்தா குடும்பத்துக்கு ஆகாது. சன்னச் சட்டமான்னு கேட்டு வாங்கு."

வாசல் நிலையைத் தொடாமல் ஜன்னல் சட்டம்தான் வாங்கினேன். நல்ல தேக்கு என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் போட்டுப் பார்த்தால் கண்றாவி. பச்சைப் பெயிண்டுக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் காவி. ஆணி ஓட்டைகளில் துணி சோப்பைத் திணித்து அடைத்திருந்தார்கள். மூலையில் கரப்பான் முட்டையும் பல்லி எச்சமும். கீழ்ச்சட்டம் நெடுக, யாரோ பல் துலக்கித் துப்பித் துப்பி வழிந்து காய்ந்த வெள்ளைக் கோடுகள், அதன்மேல் வெற்றிலைச் சாறு. ஜன்னல் என்றால் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்று படித்தவள் நான். எங்கள் ஜனங்களுக்கு அது துப்புவதற்கு. எந்த வீடு, எந்தக் குடும்பம் என்று தெரியாது. ஆனால் அந்த வீட்டிலும் ஒரு பெரியப்பா இருந்திருக்கிறார் என்பது மட்டும் நிச்சயம்.

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு சுரண்டினேன். பெயிண்ட் பொடியோடு ஊசிப்போன வாடை ஒன்று எழும்பி வந்தது. நடுவில் ஒரு தடவை துணியை அவிழ்த்துக்கொண்டு வெளியே ஓடினேன். அம்மா மோரைக் கரைத்துக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, "ஒனக்கு எதுக்குத்தா இம்புட்டுப் பாடு," என்றாள். சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். உட்கார இடமில்லையே.

இழைப்புளி ஓட்டிய பிறகு உள்ளே மரம் தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

மடக்கு நாற்காலி என்பது இரண்டு சட்டகம்தான். முதுகு சாய உயர்ந்து போகிற நீளச் சட்டகம் ஒன்று, அதற்குள் நுழைகிற குட்டைச் சட்டகம் ஒன்று. இரண்டையும் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே மாட்டி, சந்திக்கிற இடத்தில் இரு பக்கமும் துளை போட்டு போல்ட் முடுக்க வேண்டும். அந்தத் துளைகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் நாற்காலி நொண்டும். என்னுடையது நொண்டியது. துளையில் மரக்குச்சியை அடித்து அடைத்துவிட்டு மறுபடி போட்டேன். நொண்டல் நின்றது, ஆனால் மடக்க முடியாமல் இறுகிவிட்டது. இரண்டு சட்டகத்துக்கும் நடுவில் வாஷர் போட இடம் விட மறந்திருந்தேன். ஊருக்கெல்லாம் வாஷர் எடுத்துக் கொடுக்கிறவள்! தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கழற்றி உள்சட்டகத்தை இழைத்துக் குறைத்தேன். உட்காருகிற இடத்துக்கு வரிசையாகப் பட்டைகள் அடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் பூசி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவை உட்கார வைத்தேன். அம்மா பட்டைகளைத் தடவிப் பார்த்தாள். "வழவழன்னு இருக்குத்தா," என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பின் அம்மா நாற்காலியை விரிப்பதும் மடக்குவதுமாகவே இருந்தாள். உட்காருவாள், எழுவாள், மடக்குவாள், விரிப்பாள். புதுச் சாமான் கிடைத்த சந்தோஷம் என்று நினைத்தேன். "கிரீச்சுங்குது பாரு," என்பாள். மெழுகு தேய்த்துக் கொடுத்தேன். "இன்னும் வெரசா மடங்கணும்," என்பாள். நட்டைத் தளர்த்திக் கொடுத்தேன். ஒரு கையால் தட்டினால் ஓசையே இல்லாமல் மடிந்தது. இப்படி ஒரு நாற்காலி செய்ய எந்த ஆசாரியாலும் முடியாது என்று கடையில் போய்ப் பெருமை அடித்தேன்.

அந்த வாரம் ஒரு நாள் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் செருமல் கேட்டது. முழங்கால் தேய்ந்த கிழவி எப்படித்தான் எழுந்தாளோ. எழுந்தாள், ஒரு தட்டில் நாற்காலியை மடக்கினாள், கதவுக்குப் பின்னால் சொருகினாள், ஸ்டூலை நகர்த்திப் போட்டாள், முந்தானையைப் போர்த்திக்கொண்டு அடுப்படி வாசலோரம் போய் நின்றாள். பெரியப்பா செருப்பைக் கழற்றி உள்ளே வரும்போது, அங்கே ஒருத்தி உட்கார்ந்திருந்ததற்கு அடையாளமே இல்லை.

அவள் இத்தனை நாளும் பண்ணிக்கொண்டிருந்தது ஒத்திகை. நான் எண்ணெய் விட்டு மெழுகு தேய்த்துக் கொடுத்தது இதற்குத்தான். பெரியப்பாவைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அம்மாவைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, கதவுக்குப் பின்னால் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்த அந்த நாற்காலியைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

அவர் போனதும் கத்தினேன். "எதுக்கும்மா இந்த ஒளிஞ்சு வெளையாட்டு? உக்காந்தா என்ன, தலைய வாங்கிருவாரா?"

"கத்தாத. தெருவுக்குக் கேக்கும்." அம்மா சேலையை நீவிக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஆம்பளப்புள்ள இல்ல. நாளைக்கு நான் கண்ண மூடுனா கொள்ளி வைக்க அந்த வீட்டு ஆளுகதான் வரணும். அவரு மொகம் கோணுனா எவனும் வர மாட்டான்."

"நான் வக்கிறேன்."

"நீ வப்ப. தூக்குறது யாரு?"

நாலு பேர் தோள் கொடுப்பதற்காக ஒருத்தி உயிரோடு இருக்கிறவரை காலொடிய நிற்கிறாள். சீ என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து நான் அந்த நாற்காலியைத் தொடவில்லை.

மழை வருகிற மாதிரி மூட்டம் போட்டிருந்த ஒரு சாயங்காலம். அம்மாவின் முழங்கால் அன்று வீங்கிப்போயிருந்தது. செருமல் கேட்டதும் அவசரமாக எழுந்து மடக்கியதில் விரல் இரண்டு சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. விரலை உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போய் அவளுடைய இடத்தில் நின்றுவிட்டாள். அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு எதுவும் தெரியாது. பெரியப்பா வழக்கம்போல உட்கார்ந்து, வழக்கம்போல சொறிந்து, யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாம்பாரில் உப்பில்லை என்பதை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"என்னம்மா இது, செவப்பா கெடக்கு? வெத்தல போட்டுத் துப்பி வச்சிருக்கியா? பொம்பளைக நடுவீட்டுல துப்புற பழக்கம் எப்ப வந்துச்சு?"

நான் எட்டிப் பார்த்தேன். அம்மாவின் காலடியில் சொட்டுச் சொட்டாக ரத்தம். முந்தானை நுனி நனைந்திருந்தது. அப்பா செத்த நாளிலிருந்து அம்மா வெற்றிலையைத் தொட்டதில்லை. அது அவருக்கும் தெரியும். அம்மா குனிந்து, வீங்கின காலோடு குனிந்து, தரையைத் துடைத்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவர் சற்று நேரம் இருந்துவிட்டு, ஜன்னல் வழியாக எங்கள் செம்பருத்திச் செடியில் ஒரு வாய் துப்பிவிட்டுப் போனார்.

விரலில் மஞ்சளை அப்பிக் கட்டுப் போட்டேன். நகம் கறுத்திருந்தது. அம்மாவின் கண்ணில் தண்ணீர் இல்லை.

"நானாத்தா துப்புவேன்?" என்றாள். "இந்த வீட்ட நாளு பூரா கூட்டித் தொடைக்கிறவ. நானா துப்புவேன்?"

வலியைவிட அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கதவுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அத மடங்காம பண்ணிரு."

மறுநாள் கடையிலிருந்து இருக்கிறதிலேயே நீளமான ஸ்குரூவாக எடுத்து வந்தேன். முன்காலையும் பின்காலையும் சேர்த்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டையை வைத்து முடுக்கினேன். ஸ்குரூவின் தலையில் திருப்புளி பிடிக்கிற காடியெல்லாம் தேய்கிற அளவுக்கு முடுக்கினேன். ஸ்டூலின் மேல் தண்ணீர் கேனைத் தூக்கி வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன்.

சாயங்காலம் செருமல் கேட்டது. அம்மாவின் உடம்பு பழக்கதோஷத்தில் பாதி எழுந்தது, கை பட்டையைத் தட்டியது. நாற்காலி மடங்கவில்லை. அம்மா அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டாள். முந்தானையை மட்டும் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பெரியப்பா உள்ளே வந்து நின்றார். அம்மாவைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார், அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"நான் எங்க உக்கார?"

"கீழ பாய் கெடக்கு," என்றாள் அம்மா. "உக்காருங்க."

போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். காபி வாசம் வந்துவிட்டதே, எங்கே போவது. முனகிக்கொண்டே பாயில் இறங்கினார். ஊர்க்கதை வரவில்லை. காபியைக் குடித்தார், வெற்றிலையை எடுத்து மடித்தார். மிஞ்சின சுண்ணாம்பு விரல் தன்னால் நாற்காலிக் கால் பக்கம் போனது.

"அதுல வேணாங்க," என்றாள் அம்மா. "புள்ள இழைச்சது."

விரல் நின்றது. கொஞ்ச நேரம் அந்தரத்தில் இருந்துவிட்டு அவருடைய வேட்டியிலேயே துடைத்துக்கொண்டது.

எழுந்திருக்கும்போதுதான் வேடிக்கை. அவரும் தறிக்குழியில் காலை விட்டு மிதித்தவர்தான், அவருக்கும் அதே முழங்கால்தான். கையை ஊன்றினார், முடியவில்லை. புரண்டு பார்த்தார், முடியவில்லை. கடைசியில் அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கச் சட்டத்தை எட்டிப் பிடித்து, அதில் தொங்கி, ஒருவழியாக எழுந்தார். நாற்காலி அசையவில்லை. அம்மாவும் அசையவில்லை. பாவம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அவர் போனதும் அவர் பிடித்த இடத்தைத் துடைக்க ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா எழுந்திருக்கப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவள் உட்கார்ந்திருக்க, சுற்றிச் சுற்றித் துடைத்தேன்.